ஐந்தே காலே அரைக்கால்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஏற்காடு என்றவுடன் நம் நண்பர்களின் மனக்கண்ணில் தோன்றுபவை ஏரியும் படகும், பகோடா முனையும், கிளியூர் அருவியும், லேடீஸ் சீட்டில் நின்றால் இரவில் தெரியும் சேலத்து விளக்குகளும்தாம். கவிஞர்கள் சேர்வராயன் மலையின் மேகத்தைப் பாடுகிறார்கள். ஓவியர்கள் அதன் பசுமையைத் தீட்டுகிறார்கள். யாரும் பாடாத, யாரும் தீட்டாத ஒரு பொருளைப் பற்றி எழுத நான் துணிகிறேன். சேறும் எண்ணெயும் படிந்து, குனிந்து பார்த்தாலன்றிக் கண்ணில் படாமல் வண்டிக்கு அடியில் கிடப்பது அது. ஜீப்பின் பின் அச்சைத்தான் சொல்கிறேன்.

நான் மலைமேல் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். அப்பா முன்பு ஒரு தோட்டத்தில் ஜீப் ஓட்டினார். அத்தோட்டத்தார் அந்தப் பழைய வண்டியைக் கழித்தபோது, கடன் வாங்கி அதைத் தாமே வாங்கிக்கொண்டார். காப்பி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றி இறக்கி வரும் வாடகையில்தான் எங்கள் அடுப்பும் எரிகிறது. என் கல்லூரிக் கட்டணமும் கட்டப்படுகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு வரை. ஆயினும் பின் அச்சைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதியைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டாண்டு இயற்பியல் தேவைப்பட்டது என்றால் மிகையாகாது.

முதலில், பின் அச்சு என்ன செய்கிறது என்று பார்ப்போம். அதற்கு மூன்று வேலைகள். எஞ்சினிலிருந்து நீளவாட்டில் வரும் சுழற்சியைக் குறுக்குவாட்டில் திருப்பிச் சக்கரங்களுக்குத் தருவது முதல் வேலை. அப்படித் தரும்போது வேகத்தைக் குறைத்துத் திருப்பு விசையைப் பெருக்குவது இரண்டாவது. பினியன் என்னும் சிறிய பற்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுவதால் இவ்விரண்டும் நடக்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்ற இடம் கொடுப்பது மூன்றாவது வேலை. அதைச் செய்வது டிஃபரன்ஷியல்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதை நாம் அறிவோம். ஒரு வளைவில் வண்டி முழுதாகத் திரும்பும்போது, வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடுகிறது? இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலத்தைப் பை என்னும் எண்ணால் பெருக்கினால் விடை வந்துவிடும். ஜீப்பின் அகலம் ஏறத்தாழ 1.2 மீட்டர், எனவே விடை ஏறத்தாழ 3.8 மீட்டர். வளைவு பெரிதா சிறிதா என்பது இக்கணக்கில் வருவதே இல்லை! வடிவியல் வகுப்பில் இதைக் கண்டபோது நான் வியந்து போனேன். 2.2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்துக்கு இது ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. டிஃபரன்ஷியல் இல்லாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் டயர் அத்தனை தூரம் தரையில் தேய்ந்தாக வேண்டும்.

புதிய வண்டிகள் எத்தனையோ வந்துவிட்ட பிறகும், மலைத்தோட்டக்காரர்களும் மெக்கானிக்குகளும் ஒரு குறிப்பிட்ட பழைய அச்சைத் தேடி அலைவது ஏன்? இதே கேள்வி வேறொரு நாட்டில், வேறொரு காரணத்துக்காகவும் எழுந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டால் நம் கதை எளிதில் விளங்கும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1930களில் கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். மட்கார்டு, கூரை என்று தேவையற்ற பாரத்தையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். எஞ்சினைத் தம் கையாலேயே பிரித்துப் பலப்படுத்தினார்கள். முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் அவற்றை விரட்டிப் பார்த்தார்கள். அந்த வண்டிகளுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். இப்பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937-இல் தென் கலிஃபோர்னியாவில் ஒரு சங்கமே உருவாயிற்று. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகையும் பிறந்தது.

அந்த இளைஞர்கள் விரும்பித் தேடியது 1948 வரை வந்த ஃபோர்டு கார்களின் பின் அச்சை. நடுவில் உருண்டு, இருபுறமும் நீண்டிருந்ததால் அதற்குப் பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதை விரும்பியதற்குக் காரணம் அழகு அன்று; பெருமையும் அன்று. ஃபோர்டு கார்கள் இலட்சக்கணக்கில் ஓடியதால், அவற்றின் அச்சு எந்தப் பழைய இரும்புக் கடையிலும் கிடைத்தது. ஓர் ஆண்டின் உறுப்புகள் பல வேறு ஆண்டுகளின் அச்சிலும் பொருந்தின. எல்லாவற்றுக்கும் மேலாக, பற்களின் விகிதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. 9 பல் பினியனுக்கு 34 பல் கிரவுன் போட்டால் விகிதம் 3.78; 37 பல் போட்டால் 4.11. நீண்ட ஏரிப் படுகையில் உச்ச வேகம் வேண்டுமென்றால் சிறிய விகிதம். குறுகிய பாதையில் பாய்ந்து கிளம்ப வேண்டுமென்றால் பெரிய விகிதம்.

போருக்குப் பின் டெட் ஹாலிபிராண்ட் என்பவர் இதை இன்னும் எளிதாக்கினார். அவர் செய்த அச்சின் பின்புற மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு பற்சக்கரங்களை மாற்றிப் போட்டால் சில நிமிடங்களில் விகிதமே மாறிவிடும். எஞ்சின்கள் மேலும் வலிமை பெற்றபோது பழைய அச்சுகள் முறியத் தொடங்கின. அப்போது அவர்கள் நாடியது 1957-இல் வந்த ஃபோர்டின் 9 அங்குல அச்சை. அதில் பினியனின் இரு முனைகளையும் பேரிங் தாங்கும்; கிரவுனும் பினியனும் சேர்ந்த பகுதியை முன்பக்கமாக ஒரே கட்டாக வெளியே எடுத்துவிடலாம். 1986-ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்ற பிறகும் அதன் புகழ் குறையவில்லை.

எளிதில் கிடைக்க வேண்டும், கையால் பழுதுபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும், ஓட்டப்போகும் பாதைக்கு அதன் விகிதம் ஒத்துவர வேண்டும்: இம்மூன்றே அவர்கள் பார்த்தவை. அவர்கள் வேகத்துக்காகப் பார்த்ததை நாங்கள் மலைக்காகப் பார்க்கிறோம். அவ்வளவே வேறுபாடு!

இனி ஜீப்புக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் முடிந்ததும் நம் நாட்டில் மிஞ்சிக் கிடந்தவை ஏலத்தில் விற்கப்பட்டன. பெரியவர்கள் இன்றும் 'டிஸ்போசல் ஜீப்' என்று சொல்வது இவற்றைத்தான். 1945-இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம் பின்னர் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைக் கூட்டி விற்றது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடி படர்ந்து கிடந்த நம் மலைக்கு, இப்படித்தான் ஜீப் பொருத்தமான துணையாயிற்று.

போர் ஜீப்பின் கிரவுனுக்கு 39 பல். பினியனுக்கு 8 பல். வகுத்தால் 4.875. போருக்குப் பின் உழவர்களுக்கென்று வில்லிஸ் செய்த சி.ஜே. வகை ஜீப்பிலோ கிரவுனுக்கு 43 பல். பினியனுக்கு அதே 8. வகுத்தால் 5.375. நான்கு பற்கள்தாமே கூடுதல் என்று எண்ண வேண்டாம். உழவு ஜீப்பில் கியர் பெட்டி, லோ கியர், பின் அச்சு ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால், சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் 36 முறைக்கு மேல் சுற்றுகிறது. போர் ஜீப்பில் அது 26-ஐக்கூட எட்டாது. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும்போதும், உழவு ஜீப் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் நகரும். மனிதன் சற்று விரைவாக நடக்கும் வேகம்! செங்குத்தான மண் பாதையில் மூட்டைகளோடு ஏறவும் இறங்கவும் அதுவே வேண்டியது.

43-க்கும் 8-க்கும் பொது வகுஎண் கிடையாது என்பதையும் கவனியுங்கள். ஆகவே பினியனின் ஒவ்வொரு பல்லும் சுற்றில் மாறி மாறிக் கிரவுனின் 43 பற்களையும் சந்தித்தே தீரும். ஒரே இரண்டு பற்கள் ஓயாமல் மோதித் தேய்வதில்லை. தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. பல ஆண்டுகள் ஓடிய அச்சும் ஓசையின்றி உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்றத்தைவிட இறக்கமே மலையில் பெரிய சோதனை. சமவெளியிலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூட்டைகளோடு 1500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி மேலே நிற்கும்போது, அதனுள் தேங்கியிருக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 1 கோடியே 76 இலட்சம் ஜூல். கீழே வந்து சேர்வதற்குள் இது முழுவதும் வெப்பமாகித் தீர வேண்டும். அவ்வெப்பத்தைக் கொண்டு 50 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! அதை வெறும் 9 அங்குல பிரேக் டிரம்கள் மட்டும் தாங்குமா? தாங்கா. டிரம் காய்ந்து, பிரேக் பிடிக்காமல் போகும். எனவேதான் ஓட்டுநர்கள் கியரிலேயே இறங்குகிறார்கள். பின் அச்சின் விகிதம் பெரிதாக இருந்தால், எஞ்சின் அத்தனைக்கத்தனை இறுக்கமாக வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்காக இருந்தவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் பிளஸ் டூ படித்த ஆண்டில் அவை எங்கள் வீட்டுக் கணக்காயின.

ஒரு நாள் காப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அப்பா தோட்டத்து மண் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார். ஏற்றியவர், வாடகை மிச்சமாகட்டும் என்று இரண்டு மூட்டைகளைக் கூடுதலாகப் போட்டிருந்தார். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரித்தவர் வள்ளுவர். காப்பி மூட்டை மயிலிறகு அன்று. பாதித் தூரத்தில் பின் அச்சின் ஷாஃப்ட், சக்கரத்தை மாட்டும் முனையில் முறிந்தது. சக்கரம் டிரம்மோடு கழன்று தனியே உருண்டு ஓடியது. டிரம் போனதும் பிரேக் ஆயில் வழிந்து பெடலும் தரை தொட்டது.

போர் ஜீப்பின் பின் அச்சில் பாரத்தை ஹவுசிங் தாங்கும். ஷாஃப்ட்டுக்குச் சுற்றும் வேலை மட்டுமே. ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். பிற்கால உழவு ஜீப்பின் அச்சில் பாரமும் ஷாஃப்ட்டின் தலையிலேயே விழும். அது சக்கரத்தருகே முறிந்தால் சக்கரமும் உடன் போய்விடும். ஒன்றில் நல்ல விகிதம், மற்றொன்றில் நல்ல அமைப்பு: பொறியியலில் எல்லா வரமும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை.

அப்படியானால் அப்பாவைக் காப்பாற்றியது எது? அவர் லோ கியரில் இறங்கியதுதான். இவ்வகை ஜீப்பில் முன் சக்கரங்களையும் எஞ்சினோடு இணைத்த பிறகே லோ கியர் விழும். பின் அச்சு கைவிட்ட அந்த நொடியிலும் முன் அச்சு எஞ்சினின் பிடியில் இருந்தது. வண்டி நடக்கும் வேகத்திலேயே மண் சுவரில் சாய்ந்து நின்றது. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றிரவு அம்மா சாப்பிடவே இல்லை.

அடுத்த வாரம் நானும் அப்பாவும் சேலத்தில் பழைய உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். வர்ணம் பூசிய ஓர் அச்சைக் காட்டி, "அண்ணே, இதுவும் ஜீப் ஆக்ஸில்தான். போல்ட்டு அப்படியே உட்காரும். விலையும் குறைச்சலு. வண்டி முன்னைவிட வேகமாப் போகும்" என்றார்.

அப்பா பதில் சொல்லவில்லை. பினியன் முனையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். ஒரு பக்கத்து டிரம்மைக் காலால் மிதித்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்து டிரம்மை இரண்டு முறை சுற்றச் சொன்னார். (ஒரு பக்கம் நின்றுவிட்டால், மறுபக்கம் இரண்டு சுற்றுச் சுற்றும்போதுதான் கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றும். இந்த டிஃபரன்ஷியல் தத்துவத்தை நான் கல்லூரிக்கு வந்த பிறகே படித்தேன்.) நான் சுற்றினேன், அவர் சாக்பீஸ் கோட்டையே பார்த்து எண்ணினார்.

"அஞ்சுக்கு அரைக்கால் குறைச்சல். இது வேண்டாம்."

மூலையில் துருவேறிக் கிடந்த வேறோர் அச்சை இழுத்துப் போட்டு, அதையும் அப்படியே எண்ணினார். அவர் முகம் மலர்ந்தது.

"அஞ்சே காலே அரைக்கால். இதுதான் கண்ணு நம்மது."

எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். கால் என்பது 0.25, அரைக்கால் 0.125. ஐந்தே காலே அரைக்கால் என்றால் 5.375. அதாவது 43-ஐ 8-ஆல் வகுத்தது! அவர் வேண்டாம் என்று தள்ளிய அச்சு, ஐந்துக்கு அரைக்கால் குறைவு; அதாவது 4.875. 39-ஐ 8-ஆல் வகுத்தது! அச்சைப் பிரிக்காமல், பற்களை எண்ணாமல், ஒரு சாக்பீஸ் கோட்டைக் கொண்டு என் தந்தை இதைக் கண்டறிந்தார். தசமப் புள்ளி அவருக்குத் தெரியாது. சந்தையில் என் தாத்தா சொல்லிக் கொடுத்த கால், அரைக்கால், மாகாணி தெரியும்.

"வேகமாகப் போகும் அச்சை ஏன் தள்ளினீர்கள்?" என்று கேட்டேன். "முன்னாடி ஆக்ஸில் அஞ்சே காலே அரைக்கால். பின்னாடி வேற கணக்குப் போட்டா, ஃபோர் வீல் போட்டதும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கும். அப்புறம் ஃபோர் வீல் போட முடியாது. அது இல்லாம லோ விழாது. லோ இல்லாம இந்த மலையில எப்படிடா இறங்குவே?" என்றார். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே எஞ்சினோடு பிணைக்கப்பட்டிருக்கும்போது, விகிதம் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் அவை வேறு வேறு வேகத்தில் ஓட முயன்று, ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். மலிவான அந்த அச்சு போல்ட்டில் பொருந்தியிருக்கும். ஆனால் அப்பாவின் உயிரைக் காத்த லோ கியரை எங்களிடமிருந்து பறித்திருக்கும். துருவேறிய அச்சுக்குக் கூடுதல் விலை கொடுத்தோம். அது இன்றும் எங்களைச் சுமக்கிறது.

இதை எண்ணும்போது நம் பழந்தமிழர் நினைவு வருகிறது. நம் அண்டை மாவட்டமான தருமபுரிதான் பண்டைய தகடூர். அதை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது, உப்பு வணிகர்கள் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார் ஔவையார். மேடோ பள்ளமோ, வழியில் என்ன நேருமோ என்று முன்னுணர்ந்து மாற்று அச்சோடு புறப்பட்ட மக்கள் நம் முன்னோர். ஓர் அரச குமாரனைப் புகழ அச்சைவிடச் சிறந்த உவமை ஔவைக்கு வேண்டியிருக்கவில்லை.

நான் புதுமைக்குப் பகைவன் அல்லன். இன்றைய வண்டிகளில் பிரேக்கும் பாதுகாப்பும் மேலானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினைந்தாண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரலோடு நீங்கிவிட்டது. பழைய ஜீப்புகள் ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போகின்றன. போகட்டும். இரும்பை உருக்கி மீண்டும் இரும்பாக்கலாம். சாக்பீஸ் கோட்டால் விகிதம் கண்ட அறிவை எந்த உலையில் போட்டு மீட்பது?

"நீ கிரீஸ்ல கை வைக்காதே, படிச்சு ஆபீசுல உட்காரு" என்பது அப்பாவின் ஆசை. அவர் ஆசையை நான் நிறைவேற்றுவேன். ஆனால் அவர் கையறிவு என் தலைமுறையோடு அற்றுப்போக நான் சம்மதிக்க மாட்டேன். அவர் எண்ணிச் சொல்லும் கணக்குகளை இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அதன் இடப்பக்கத்தில் அவர் சொன்ன சொல்; வலப்பக்கத்தில் அதற்குரிய சமன்பாடு.

நண்பர்களே! நம் வகுப்பில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை இருக்கிறான். கொலுசுப் பட்டறையிலிருந்து வருபவள் இருக்கிறாள். ஜவ்வரிசி ஆலையில் உழைப்பவரின் மகன் இருக்கிறான். நூலின் முறுக்கிலும், வெள்ளியின் உருகு நிலையிலும், மாவின் ஈரத்திலும் உங்கள் பெற்றோர் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதை அவர்கள் தசமத்தில் சொல்ல மாட்டார்கள். காலிலும் அரைக்காலிலும் சொல்வார்கள். இந்த விடுமுறையில் ஒரு நாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.